மணிக்கு முப்பத்தாறு

டாலர். அதில் பாதி உபாவுக்கு.
மறு பாதி, சுப்பீரியர் தெருவில்
கண்ணாடிக் கதவு வைத்திருக்கும் ஏஜென்சிக்கு.
நான் கேட்டதால் சொன்னாள்,
லோர்னாவுக்கு ஒரு காலில் சாக்ஸ் மாட்டியபடி.
சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே மணிக்கணக்கு.
படகை விற்றேன்: நூற்று எழுபது மணி நேரம்.
அதன் எஞ்சின் தனியாக, முப்பத்தொன்று.
பியானோவைப் பார்க்க வந்தவர்
இனாமாகத் தந்தால் தூக்கிப் போகிறேன் என்றார்.
இருக்கட்டும் என்றேன்.
அதன் மூடிமேல்தான் இப்போது
டயப்பர் பெட்டிகளை அடுக்குகிறோம்.

அரசு உதவிக்குப் போன் போட்டேன்.
இனிமையாகப் பேசினாள் அந்தப் பெண்.
உங்களிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே, மிஸ்டர் ரின்டாலா,
எல்லாம் தீர்ந்த பிறகு கூப்பிடுங்கள்.
முப்பத்தொரு வருஷம் டுலூத் துறைமுகத்தில்
இரும்புத்தாது ஏற்றியவன் நான்.
ஒரு கிடங்கு எத்தனை நேரத்தில் காலியாகும் என்று
பார்த்தாலே சொல்வேன்.

ஒன்பதுக்கு வருவாள், ஒன்றுக்குப் போவாள்.
முதல் மாதம் அவள் பின்னாலேயே
அறை அறையாக நடந்தேன்.
ராத்திரி வெள்ளிக் கரண்டிகளை எண்ணினேன்.
இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.
ஒருநாள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:
பன்னிரண்டும் இருக்கிறதா?
உள்ளேயிருந்து லோர்னா, "ஆமாம்."

அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அது.
இன்று செவ்வாயா? ஆமாம்.
குளிருகிறதா? ஆமாம்.
நான் ஒரு முட்டாளா, லோர்னா?
ஆமாம்.

பக்கவாதம் இறுக்கிப் பூட்டிய அந்த இடது கையை
நான் தொட்டால் இன்னும் இறுகும்.
உபா வெந்நீரில் வைத்து
விரல் விரலாகப் பிரிப்பாள்,
நனைந்துபோன கடிதத்தைப் பிரிப்பதுபோல,
கிழிந்துவிடக் கூடாதென்று.

பிப்ரவரியில் அந்தப் புயல்.
ஏரியிலிருந்து கிளம்பிய பனி
கதவின் பாதிவரை ஏறி நின்றது.
பஸ் இல்லை. மணி ஒன்றாயிற்று, ஐந்தாயிற்று.
மகனிடம் போனில் சோமாலியில் ஏதோ சொன்னாள்,
ஒரே வார்த்தையை மூன்று தடவை.
அடுப்பு என்று இருக்கலாம்.
பியானோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே துண்டு விரித்துத் தொழுதாள்.
பத்து மணிக்கு நான் நாற்காலியில் சாய்ந்தேன்,
ஐந்தே நிமிஷம் என்று.

விழித்தபோது ஏழு. ஜன்னல் முழுக்க வெள்ளை.
இரண்டு மணிக்கு ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை
லோர்னாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.
எட்டு மாதமாக நான் தவறியதில்லை.
அன்று தவறினேன்.
அவள் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை பில் வந்தது.
ஒன்பதிலிருந்து ஒன்பது வரை, இருபத்துநான்கு மணி நேரம்.
இரவு முழுவதையும் எழுதியிருந்தாள்.
சுருக்கென்றது.
சூப் கொடுத்தேனே, கம்பளி கொடுத்தேனே என்று
உள்ளே ஒரு அற்பன் கணக்குப் போட்டான்.
அவனைப் போடவிட்டேன், முடிக்கட்டும் என்று.
எண்ணூற்று அறுபத்துநான்கு.
பனிவண்டியை விற்றால் அதற்கு மேலேயே வரும்.
நான் தூங்கிய ஒன்பது மணி நேரத்தை மட்டும்
தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தேன்.
மலிவு.

திங்கட்கிழமை ஏஜென்சியைக் கூப்பிட்டு
பில் சரிதான் என்றேன்.
இன்னொரு கேள்வி, அந்த மறு பாதி எதற்கு?
கொஞ்சம் காத்திருங்கள் என்று
ஏதோ ஒரு வயலினைக் காதில் விட்டுப் போனார்கள்.
காத்திருந்தேன்.
உள்ளே உபா மூன்றாவது விரலுக்கு வந்திருந்தாள்.
மணி ஒன்பது இருபது.
பன்னிரண்டு டாலர் ஆகியிருந்தது.